கடலிலும் உடலிலும் ஒரே வேகம்

மதினியின் ஸ்கேன் ரிப்போர்ட்டில் இருந்த ஒரு வரி அண்ணனைக் கலங்கடித்துவிட்டது. வலது சிறுநீரகத்தில் 6 மில்லிமீட்டர் கல் இருக்கிறது என்பதை அவர் தாங்கிக்கொண்டார். கல்லடைப்பு எங்கள் பக்கம் கேள்விப்படாத சங்கதி இல்லை. அதற்கு அடுத்த வரிதான் பிரச்சினை: ‘குடல் வாயு மறைப்பதால் கணையம் தெளிவாகத் தெரியவில்லை.’ மகள் அதை ஆங்கிலத்திலிருந்து தமிழில் சொன்னதும் எனக்குப் போன் அடித்துவிட்டார்.

“தம்பி, கணையம் தெரியலங்குறாங்களே. உள்ள கட்டி ஏதும் இருந்து மறைக்குதோ?”

பாம்பனிலிருந்து பஸ் ஏறி ராமநாதபுரம் வந்தவர்கள், பஸ் ஸ்டாண்டில் இட்லியும் டீயும் சாப்பிட்டுவிட்டு ஸ்கேனுக்குப் போயிருக்கிறார்கள். வெறும் வயிற்றில் வரவேண்டும் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. அந்த வரிக்குக் காரணம் அவ்வளவுதான். ஆனால் வாயுவுக்கும் கணையத்துக்கும் என்ன சம்பந்தம், சாப்பிட்டால் ஏன் தெரியாது என்று அவர் கேட்டபோது, ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. நான் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறவன். அண்ணன் விசைப்படகு டிரைவர். ஸ்கேன் அறையில் திரையைப் பார்த்தவுடனே அவர், “இது நம்ம எக்கோ மாதிரில இருக்கு” என்று சொன்னாராம். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டால் முழு விஷயத்தையும் சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. படகில் இருக்கும் எக்கோ சவுண்டரும் ஆஸ்பத்திரி ஸ்கேனும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

முன்பெல்லாம் ஆழம் பார்க்கக் கயிற்றில் ஈயக்குண்டு கட்டி இறக்கி, எத்தனை பாகம் (இரு கைகளையும் விரித்த நீளம் ஒரு பாகம்) என்று கையால் அளப்பார்கள். இப்போது படகின் அடியில் பொருத்திய குமிழ் தண்ணீருக்குள் ஒரு சின்ன ஒலித்துடிப்பை அனுப்புகிறது. அது தரையில் மோதித் திரும்பி வருகிறது. போய்வந்த நேரத்தை ஒலியின் வேகத்தால் பெருக்கி, இரண்டால் வகுத்தால் ஆழம் கிடைத்துவிடும். கயிறு, ஈயம் எதுவும் வேண்டாம். நேரத்தைத் துல்லியமாக அளக்கத் தெரிந்தால் போதும்.

இதில் ஒலியின் வேகம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். கடல்நீரில் அது வெப்பத்தையும் உப்பையும் பொறுத்து மாறும். 28 டிகிரி செல்சியஸ் வெப்பமும் கிலோவுக்கு 35 கிராம் உப்பும் உள்ள நீரில், அதாவது எங்கள் தென்கடலாகிய மன்னார் வளைகுடாவின் மேல்மட்ட நீரைப் போன்ற நீரில், ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர் போகும். மனித உடலின் மென்திசுக்களுக்கென்று ஸ்கேன் இயந்திரங்கள் வைத்திருக்கும் வேகம் எவ்வளவு தெரியுமா? அதுவும் நொடிக்கு 1,540 மீட்டர்தான். இதை முதன்முதலில் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. 5 டிகிரி குளிரில் கிடக்கும் வேறு நாட்டுக் கடலில் இந்தப் பொருத்தம் வராது. அங்கே வேகம் 1,470ஐ ஒட்டித்தான் இருக்கும். வெதுவெதுப்பான, உப்புக் கரிக்கும் நம் கடலும், வெதுவெதுப்பான, லேசாக உப்புக் கரிக்கும் நம் சதையும் ஒலிக்கு ஒன்றுபோலத் தெரிகின்றன. ஈரலும் தசையும் பெரும்பாலும் தண்ணீர்தானே.

அதனால் கணக்கும் ஒன்றாகவே வருகிறது. கடலில் 10 மீட்டர் ஆழம் போய்வர ஒலிக்கு நொடியில் ஆயிரத்தில் 13 பங்கு ஆகும். உடலில் 1 சென்டிமீட்டர் ஆழம் போய்வர நொடியில் பத்து லட்சத்தில் 13 பங்கு ஆகும். அதே 13, அளவுகோல் மட்டும் ஆயிரம் மடங்கு சிறியது. கல் 8 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்று இயந்திரம் சொன்னால், எதிரொலி 104 மைக்ரோநொடி கழித்து வந்தது என்று பொருள். மைக்ரோநொடி என்பது நொடியைப் பத்து லட்சமாக வெட்டியதில் ஒரு துண்டு.

சரி, அந்த ஒலியை உண்டாக்குவது எது? 1880இல் பாரிஸில் பியேர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக் கியூரியும், குவார்ட்ஸ் போன்ற சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் முகங்களில் மின்னூட்டம் தோன்றுவதைக் கண்டார்கள். மறுதலையாக, மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் நெளியும் என்பதும் அடுத்த ஆண்டே உறுதியானது. நெளிவதை வேகமாகத் திரும்பத் திரும்பச் செய்யவைத்தால் அது ஒலி. திரும்பி வரும் ஒலி அதே படிகத்தை அழுத்தினால் அது மின்சாரம். ஒரே பொருள் வாயாகவும் காதாகவும் இருக்கிறது. வயிற்றில் வைத்துத் தேய்க்கும் அந்தக் கருவி, ப்ரோப் என்று எல்லோரும் சொல்வது, இப்படிப்பட்ட படிகத் துண்டுகள் நூற்றுக்கும் மேல் வரிசையாக அடுக்கப்பட்ட ஒன்றுதான். இப்போது குவார்ட்ஸுக்குப் பதில் ஈயம், சிர்கோனியம், டைட்டானியம் சேர்ந்த செயற்கைப் பீங்கான் பெரும்பாலும் பயன்படுகிறது.

ப்ரோப் பேசும் நேரமும் கேட்கும் நேரமும் சமமாக இருக்காது. இரண்டு மூன்று அலைகள் மட்டுமே கொண்ட துடிப்பை அனுப்ப அது எடுத்துக்கொள்வது சுமார் ஒரு மைக்ரோநொடி. பிறகு 15 சென்டிமீட்டர் ஆழம் வரைக்கும் எதிரொலி வந்து சேர 195 மைக்ரோநொடி காத்திருந்து கேட்கிறது. இந்தப் பொறுமை இல்லாமல் அடுத்த துடிப்பை அனுப்பிவிட்டால், எது எதன் எதிரொலி என்று குழம்பிவிடும்.

கியூரி கண்டுபிடிப்பு ஆய்வகத்தை விட்டுக் கடலுக்கு வந்தது போராலும் விபத்தாலும். 1912இல் டைட்டானிக் பனிப்பாறையில் மோதி மூழ்கியது. 1914இல் ரெஜினால்ட் ஃபெசெண்டன் ஒலி அனுப்பிப் பனிப்பாறையிலிருந்து எதிரொலி வாங்கிக் காட்டினார். முதல் உலகப் போரில் நீர்மூழ்கிகளைத் தேட, பியேர் கியூரியின் மாணவரான பால் லாஞ்சவன் குவார்ட்ஸ் படிகத்தைக் கொண்டு கருவி செய்தார். 1948இல் ஜப்பானில் ஃபுருனோ சகோதரர்கள் மீன் தேடும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். பத்து ஆண்டு கழித்து, 1958இல், கப்பல் கட்டும் ஊரான கிளாஸ்கோவில் மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்ட், பொறியாளர் டாம் பிரவுன் முதலியோருடன் சேர்ந்து வயிற்றுக் கட்டிகளை எதிரொலியால் பார்த்த முடிவுகளை ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார். அவர் தொடங்கியது ஆஸ்பத்திரிக் கருவியில் இல்லை. இரும்புத் தகட்டில் உள்விரிசல் இருக்கிறதா என்று தொழிற்சாலையில் சோதிக்கும் கருவியைத்தான், அறுவை சிகிச்சையில் அகற்றிய கட்டிகளின் மேல் வைத்துப் பார்த்தார். நீர் நிறைந்த கட்டி ஒரு மாதிரியும் சதைக் கட்டி வேறு மாதிரியும் எதிரொலித்தன.

விரிசல் தேடும் அந்த வேலை இன்றும் நடக்கிறது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்தின் இரும்புப் பற்றவைப்புகளை மீயொலியால்தான் சோதித்தார்கள். பல படிகங்களை நொடியின் சிறுசிறு துண்டுகள் முன்பின்னாக இயக்கி, ஒலிக்கற்றையை வேண்டிய பக்கம் திருப்பும் முறை அது. ஸ்கேன் ப்ரோபும் ஒலிக்கற்றையை அப்படித்தான் குவிக்கிறது, திருப்புகிறது. அண்ணன் அந்தப் பாலத்துக்குக் கீழே எத்தனையோ முறை படகு ஓட்டியிருக்கிறார். மதினி வயிற்றில் பார்த்ததையும் இரும்பில் பார்த்ததையும் ஒரே கணக்குதான் நடத்தியது என்று சொன்னபோது சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

ஒலியின் சுருதியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. நம் காது நொடிக்கு 20 அதிர்விலிருந்து 20,000 அதிர்வு வரைக்கும் கேட்கும். அதற்கு மேலே உள்ளது மீயொலி. படகுக் கருவிகள் பெரும்பாலும் 50 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 50,000 அதிர்வு), 200 கிலோஹெர்ட்ஸ் என்ற இரண்டில் இயங்குகின்றன. எங்கள் கடலில் துள்ளும் ஓங்கில்கள், அதாவது டால்பின்கள், 100 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேயே ‘கிளிக்’ ஒலி எழுப்பி, மீனைக் கண்ணால் காணாமலே தேடிப் பிடிக்கின்றன. வயிற்று ஸ்கேன் 3.5 மெகாஹெர்ட்ஸ் அளவில், அதாவது நொடிக்கு 35 லட்சம் அதிர்வில் நடக்கிறது. கழுத்து, மார்பு, நரம்பு போன்று தோலுக்கு அருகே உள்ளவற்றுக்கு 10 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலும் போவார்கள்.

ஏன் இத்தனை வேறுபாடு? வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் ஓர் அலையின் நீளம் கிடைக்கும். 200 கிலோஹெர்ட்ஸில் அது 7.7 மில்லிமீட்டர். 3.5 மெகாஹெர்ட்ஸில் 0.44 மில்லிமீட்டர். 10 மெகாஹெர்ட்ஸில் 0.15 மில்லிமீட்டர். ஓர் அலையின் நீளத்தைவிட நெருக்கமாக இருக்கும் இரண்டு பொருள்களை அந்த அலையால் தனித்தனியாகப் பிரித்துக்காட்ட முடியாது. வலைக்கண் பெரிதாக இருந்தால் நெத்திலி தப்பிவிடுகிற மாதிரிதான். படகுக் கருவியை வைத்து 6 மில்லிமீட்டர் கல்லைத் தேடினால் கிடைக்கவே கிடைக்காது.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் 10 மெகாஹெர்ட்ஸையே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அங்கேதான் உடல் தடுக்கிறது. திசு, ஒலியைத் தின்றுகொண்டே போகிறது; ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒவ்வொரு மெகாஹெர்ட்ஸுக்கும் சுமார் அரை டெசிபல் தேய்மானம் (10 டெசிபல் குறைந்தால் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும்). 3.5 மெகாஹெர்ட்ஸ் ஒலி 15 சென்டிமீட்டர் ஆழம் போய்வந்தால் மொத்தம் 52 டெசிபல் குறையும். அதாவது அனுப்பிய ஆற்றலில் ஒன்றே முக்கால் லட்சத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். இது திசு தின்பதற்கு மட்டுமான கணக்கு. எதிரொலிப்பவை மிகச் சிறிய அளவே திருப்பியனுப்புகின்றன என்பது தனி. இருந்தாலும் இயந்திரம் அதைப் பிடித்துவிடும். இதே ஆழத்துக்கு 10 மெகாஹெர்ட்ஸை அனுப்பினால் 150 டெசிபல் போய்விடும். 1க்குப் பின்னால் 15 சுழியம் போட்டால் வரும் எண்ணில் ஒரு பங்கு மிஞ்சும். அதைக் கேட்கும் காது எங்கும் இல்லை. நுணுக்கம் வேண்டுமா, ஆழம் வேண்டுமா என்ற இந்தப் பேரம் ஒவ்வொரு ஸ்கேனிலும் நடக்கிறது. மெலிந்தவருக்குப் படம் தெளிவாகவும், வயிற்றுக் கொழுப்பு தடித்தவருக்குக் கலங்கலாகவும் வருவதற்கு இதுதான் காரணம். டாக்டரின் திறமை குறைந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆழத்திலிருந்து வருவது மெலிந்த எதிரொலி என்பதால், தாமதமாக வருவதை அதிகமாகப் பெருக்கிக் காட்டும் ஏற்பாடு இயந்திரத்தில் உண்டு. திரைக்குக் கீழே வரிசையாக இருக்கும் தள்ளுபொத்தான்கள் அதற்குத்தான். ஒவ்வொன்றும் ஓர் ஆழத்துக்கு.

நெட்டியும் ஜெல்லும்

இப்போது அண்ணன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஒலி ஒரே மாதிரியான பொருளுக்குள் போய்க்கொண்டே இருக்கும் வரை எதிரொலி கிடையாது. ஒரு பொருள் முடிந்து இன்னொன்று தொடங்கும் எல்லையில்தான் அதன் ஒரு பகுதி திரும்பும். எவ்வளவு திரும்பும் என்பதை நிர்ணயிப்பது ஒலித்தடை. பொருளின் அடர்த்தியை அதில் ஒலியின் வேகத்தால் பெருக்கினால் வருவது அது. இரண்டு பக்கமும் ஒலித்தடை நெருங்கி இருந்தால் ஒலி பெரும்பாலும் கடந்துவிடும். விலகி இருந்தால் பெரும்பாலும் திரும்பிவிடும்.

கொழுப்புக்கும் தசைக்கும் நடுவில் 100இல் 1 பங்குதான் திரும்புகிறது. மிச்சம் 99 உள்ளே போய் அடுத்த உறுப்பைப் பார்க்கிறது. ஸ்கேன் என்ற ஒன்று சாத்தியமாவதே இந்தத் தாராளத்தால்தான். தசைக்கும் எலும்புக்கும் நடுவில் 40 பங்கு திரும்பும். உள்ளே நுழைந்ததையும் எலும்பு வேகமாகத் தின்றுவிடும். தசைக்கும் காற்றுக்கும் நடுவில் 99.9 பங்கு அப்படியே திரும்பிவிடும். காற்றின் ஒலித்தடை சதையினுடையதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே காற்று ஒலிக்கு ஒரு சுவர். நம் கண்ணுக்கு ஒன்றுமே இல்லாததாகத் தெரியும் காற்று, ஸ்கேனுக்கு எலும்பைவிடக் கெட்டியான மறைப்பு.

இதை மீன்பிடிக்கிறவர்களுக்கு விளக்குவது எளிது. எக்கோ திரையில் மீன்கூட்டம் தெரிகிறதே, அங்கே பெரும்பாலும் தெரிவது மீனின் சதை இல்லை. மீனின் சதையும் கடல்நீரும் ஒலித்தடையில் கிட்டத்தட்ட ஒன்று. தெரிவது மீனின் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பை, நெட்டி. கூறல் மீனின் நெட்டிக்கு என்ன விலை என்று எங்கள் கரையில் சின்னப் பிள்ளையும் சொல்லும். நெட்டி உள்ள மீன் தரும் எதிரொலியில் பத்தில் ஒன்பது பங்கு அந்தக் காற்றிலிருந்து வருவது. நெட்டி இல்லாத சுறாவும் திருக்கையும் சூரையும் அதே கருவிக்கு மங்கலாகத்தான் தெரியும். படகில் நமக்கு உதவுகிற காற்று, ஸ்கேன் அறையில் எதிரியாகிவிடுகிறது.

மதினி இட்லி சாப்பிட்டார், டீ குடித்தார். சாப்பிடும்போதும் குடிக்கும்போதும் காற்றையும் சேர்த்து விழுங்குகிறோம். கணையம் இருப்பது இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால். முன்பக்கமிருந்து பார்க்கும் ஒலி இரைப்பையிலும் குடலிலும் உள்ள காற்றைத் தாண்டித்தான் அங்கே போக வேண்டும். ஆயிரத்தில் ஒரு பங்கு உள்ளே போய், மறுபடி அந்தச் சுவரைத் தாண்டி வருவதற்குள் எதுவும் மிஞ்சாது. கணையம் மறைந்ததற்கு அதில் ஏதோ கட்டி என்று பொருளே இல்லை. அந்த வரி நோயைச் சொல்லவில்லை. எங்கே பார்க்க முடியவில்லை என்பதை நேர்மையாகச் சொல்கிறது. அதை எழுதிய டாக்டரை நான் மதிக்கிறேன். பார்க்காததைப் ‘பார்த்தேன், நன்றாக இருக்கிறது’ என்று எழுதுவதுதான் ஆபத்து.

வெறும் வயிற்றில் வரச்சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சாப்பிட்டதும் பித்தப்பை சுருங்கிப் பித்தநீரைக் குடலுக்குள் விட்டுவிடும். நிறைந்த பித்தப்பையில் கல் இருந்தால் பளிச்சென்று தெரியும். சுருங்கியதில் அப்படித் தெரியாது.

கருப்பை, சூல்பை பார்க்க வரும் பெண்களைத் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிவைக்கச் சொல்வதும் இதே இயற்பியல்தான். நிறைந்த சிறுநீர்ப்பை மேலே எழும்பிக் குடலை ஒதுக்குகிறது. குடலோடு அதன் காற்றும் ஒதுங்குகிறது. அது மட்டுமில்லாமல் அந்தத் தண்ணீர் ஒலியை ஏறக்குறைய தேய்க்காமலே கடத்தி, பின்னால் இருக்கும் கருப்பைக்கு ஜன்னல் திறந்துவிடுகிறது. எத்தனை பெண்கள் அந்தப் பெஞ்சில் வலியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஏன் என்று ஒரு வாக்கியம் யாராவது சொல்லியிருந்தால் அவர்கள் அதைப் பாரமாக நினைத்திருக்க மாட்டார்கள்.

அப்புறம் அந்த ஜில்லென்ற ஜெல். அது மருந்து என்று நினைப்பவர்கள் உண்டு. உள்ளே இறங்கிப் படம் காட்டுகிறது என்று சொல்பவர்களையும் பார்த்திருக்கிறேன். தோலுக்கும் ப்ரோபுக்கும் நடுவில் ஒரு மயிரிழை காற்று இருந்தால்கூட ஒலி உள்ளே போகாது. அந்த இடைவெளியை நீர் போன்ற ஒன்றால் நிரப்புவதுதான் ஜெல்லின் முழு வேலை. எக்கோவின் குமிழைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிட்டால் திரையில் எதுவும் வராது என்பது அண்ணனுக்குத் தெரியும். இதுவும் அதுதான்.

இயந்திரம் நம்புகிற மூன்று விஷயங்கள்

திரும்பிவரும் எதிரொலி எப்படிப் படமாகிறது? ஒரு துடிப்பு, ஒரு கோடு. பலமான எதிரொலி வெள்ளைப் புள்ளி, மெலிந்தது சாம்பல், எதிரொலியே இல்லையென்றால் கறுப்பு. அதனால்தான் சிறுநீர்ப்பையும் நீர்க்கட்டியும் கறுப்பாகவும் கல்லும் எலும்பின் மேல்முகமும் வெள்ளையாகவும் தெரிகின்றன. இப்படி 128 கோடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் ஒரு படம். ஒரு கோட்டுக்கு 195 மைக்ரோநொடி என்றால் நொடிக்கு 40 படம் வரும். அதனால்தான் குழந்தை கையசைப்பது சினிமா போலத் தெரிகிறது. ஆழத்தைக் கூட்டினால் காத்திருக்கும் நேரம் கூடி, படங்களின் எண்ணிக்கை குறையும். ஒலியின் வேகம் போட்டிருக்கும் வரம்பு இது. விலையுயர்ந்த இயந்திரமும் இதற்கு ஏதாவது சமரசம் செய்துதான் ஆகவேண்டும்.

ஆக, ஸ்கேன் படம் போட்டோ அல்ல. அது நேரத்தை அளந்து போட்ட கணக்கு. கணக்கு சரியாக வர இயந்திரம் சில விஷயங்களை நம்பியே ஆகவேண்டும்: ஒலி எங்கும் 1,540 மீட்டர் வேகத்தில் போகிறது, நேர்கோட்டில் போகிறது, ஒருமுறை மட்டும் மோதித் திரும்புகிறது. உடல் இவற்றை மீறும் இடங்களில் படம் இல்லாததைக் காட்டும், இருப்பதை மறைக்கும்.

பாரின் மேல், அதாவது கடலடிப் பாறையின் மேல் படகு நிற்கும்போது எக்கோ திரையில் தரைக்குக் கீழே இன்னொரு தரை தெரியும். 6 பாகத்தில் ஒரு கோடு, 12 பாகத்தில் மெலிதாக இன்னொரு கோடு. ஒலி பாறையில் மோதி மேலே வந்து, நீர்மட்டத்தில் மோதி மறுபடி கீழே போய் மறுபடி வருகிறது. இரண்டாவது முறை வந்ததை, இரண்டு மடங்கு ஆழத்திலிருந்து வந்ததாக இயந்திரம் நினைத்துக்கொள்கிறது. சேற்றுத் தரையில் இந்த இரட்டைக்கோடு மெலிந்துபோகும். ஆகவே அதை வைத்தே, கீழே பாரா சேறா என்று சொல்லிவிடுவார்கள். நுரையீரலை ஸ்கேன் செய்தால் அச்சு அசல் இதே காட்சி: நுரையீரலின் மேல் உறைக்குக் கீழே சம இடைவெளியில் கோடு கோடாக இறங்கும். அடியில் காற்று நிறைந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டால் அந்தக் கோடுகள் மறைந்து, நெட்டுக்குத்தாக ஒளிக்கீற்றுகள் இறங்கும். பிழையாகத் தெரிவதையே நோயறியும் வழியாக மாற்றிக்கொண்டார்கள் மருத்துவர்கள். பார் பார்க்கத் தெரிந்த மீனவரின் அறிவுக்கும் அந்த அறிவுக்கும் நான் வேறுபாடு காணவில்லை.

மதினியின் கல்லுக்குக் கீழே ஒரு கறுப்புப் பட்டை இருந்தது. அது கல்லின் நிழல். கல் ஒலியைத் திருப்பியும் தின்றும் விடுவதால் அதன் பின்னால் எதுவும் தெரியாது. வெள்ளைப் புள்ளி மட்டும் இருந்தால் கல்லா வேறேதாவதா என்ற சந்தேகம் வரும். பின்னால் நிழலும் இருந்தால் கல் என்ற நம்பிக்கை கூடும். நீர்க்கட்டிக்குப் பின்னால் நேர்மாறாக நடக்கும். நீர் ஒலியைத் தேய்க்காததால், ஆழத்துக்கென்று இயந்திரம் கூட்டிவைத்த பெருக்கம் அங்கே மிகையாகி, கட்டிக்குப் பின்னால் உள்ள இடம் வெளிச்சமாகத் தெரியும். நிழலா வெளிச்சமா என்பதே, உள்ளே இருப்பது கல்லா நீரா என்று சொல்லிக்கொடுத்துவிடுகிறது.

மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தின் மேலே நுரையீரல் காற்று இருப்பதால் அது கண்ணாடியாக வேலைசெய்து, ஈரலை மார்புக்குள்ளும் ஒருமுறை காட்டும். கொழுப்பில் ஒலி 1,450 மீட்டர் வேகத்தில்தான் போகும் என்பதால், 3 சென்டிமீட்டர் கொழுப்புக்குப் பின்னால் உள்ளது 2 மில்லிமீட்டர் ஆழம் கூடியதாகத் தெரியும். இரண்டு இடத்தில் எடுத்த ஸ்கேனில் அளவு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மாறினால், கல் வளர்ந்துவிட்டது என்று பயப்படுவதற்கு முன் இதையெல்லாம் நினைக்க வேண்டும்.

சிவப்பும் நீலமும்

கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்கடலில் அலையை எதிர்த்துப் படகை ஓட்டினால் அலைகள் அடிக்கடி வந்து மோதும். அலையோடு சேர்ந்து ஓடினால் மோதல் அரிதாகும். கடலில் அலையின் எண்ணிக்கை மாறவே இல்லை. படகு போகும் திசைதான் மாறியது. 1842இல் கிறிஸ்டியன் டாப்ளர் சொன்னது இதைத்தான். ப்ரோபை நோக்கி ஓடிவரும் இரத்தத்தில் மோதித் திரும்பும் ஒலியின் அதிர்வெண் சற்றுக் கூடும், விலகி ஓடும் இரத்தத்தில் சற்றுக் குறையும்.

எவ்வளவு மாறும்? 5 மெகாஹெர்ட்ஸ் ஒலி, நொடிக்கு அரை மீட்டர் ஓடும் இரத்தத்தை 60 டிகிரி கோணத்தில் சந்தித்தால், மாற்றம் ஏறத்தாழ 1,600 ஹெர்ட்ஸ். அது நம் காதுக்குக் கேட்கும் எல்லைக்குள் வருகிறது! டாப்ளர் ஸ்கேனில் ஸ்பீக்கரிலிருந்து வரும் ‘உஷ்... உஷ்...’ ஒலி இரத்தம் போடும் சத்தம் இல்லை. அனுப்பிய அதிர்வெண்ணுக்கும் திரும்பிய அதிர்வெண்ணுக்கும் உள்ள வித்தியாசம், அப்படியே ஒலியாகக் கேட்கிறது. வயிற்றுக் குழந்தையின் இதயம் நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை துடிப்பதைத் தாய் முதன்முதலாகக் கேட்பது இந்த வித்தியாசத்தைத்தான்.

திரையில் சிவப்பு என்றால் நல்ல இரத்தம், நீலம் என்றால் கெட்ட இரத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். வழக்கமான அமைப்பில் சிவப்பு ப்ரோபை நோக்கி வருவது, நீலம் விலகிப் போவது. ப்ரோபைத் திருப்பிப் பிடித்தால் நிறமும் மாறிவிடும். ஓட்டத்துக்குச் சரியாகக் குறுக்கே, 90 டிகிரியில் பார்த்தால் நோக்கியும் வராமல் விலகியும் போகாமல் இருப்பதால், ஓடும் இரத்தம்கூட நின்றதுபோலத் தெரியும். கோணம் தெரியாத கைக்கு டாப்ளர் பொய் சொல்லும்.

ஸ்கேனால் கெடுதல் உண்டா என்று மதினியும் கேட்டார். எக்ஸ்ரேயில் இருப்பது போன்ற, அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும் கதிர் இதில் இல்லை. இது அதிர்வு மட்டுமே. ஆனாலும் திசு தின்ற ஒலி வெப்பமாகத்தான் மாறுகிறது. அந்த வெப்பத்தையும் அதிர்வால் வரக்கூடிய பாதிப்பையும் கணிக்கும் இரண்டு எண்கள் திரையின் ஓரத்திலேயே தெரியும். டாப்ளர் ஒரே இடத்தில் கூடுதல் ஆற்றலைச் செலுத்துவதால், கருவின் முதல் மாதங்களில் தேவையில்லாமல் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது ஒப்புக்கொள்ளப்பட்ட நெறி. தேவைக்கு எடுப்பதில் அச்சம் வேண்டாம். ஆசைக்கு எடுப்பது வேண்டாம்.

நம் நாட்டில் இந்த ஒலி செய்த உண்மையான கெடுதல் இயற்பியலால் வந்ததில்லை. பெண் குழந்தை என்று தெரிந்ததும் கருவைக் கலைத்ததால் வந்தது. 1994இல் இயற்றி, 1996இல் நடைமுறைக்கு வந்து, 2003இல் இறுக்கப்பட்ட சட்டப்படி, கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதும் கேட்பதும் குற்றம். ஸ்கேன் செய்யும் இடங்கள் எல்லாம் பதிவு பெற்றிருக்க வேண்டும். எல்லா ஸ்கேன் சென்டர் சுவரிலும் அதைச் சொல்லும் பலகை இருக்கும். அதன் முன் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் அதைப் படித்தாக வேண்டும் என்பது என் எண்ணம்.

அடுத்த வாரம் மதினி முந்தின இரவு எட்டு மணிக்கே சாப்பாட்டை முடித்துக்கொண்டு, காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் முதல் பஸ்ஸில் போனார். அண்ணனும் கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்துக் கூடவே போனார். ஈரல், பித்தப்பை எல்லாம் பார்த்து முடித்த பிறகும் கணையத்தின் வால்பகுதி மட்டும் பிடிபடவில்லை. டாக்டர் அரை லிட்டர் தண்ணீரைக் கொடுத்து மெதுவாகக் குடிக்கச் சொல்லி, சற்று நேரம் உட்காரவைத்து, மறுபடி ப்ரோபை வைத்திருக்கிறார். காற்று இருந்த இரைப்பையில் இப்போது தண்ணீர். அதன் வழியே ஒலி இறங்கியது. முழுக் கணையமும் தெரிந்தது, கட்டி எதுவும் இல்லை. கல் மட்டும் அதே இடத்தில், தன் நிழலோடு இருந்தது.